ஜிம் கடைக்காரர் கொடுத்த பட்டியல்: இதுல ஓட்டக்காரனுக்கு எது வேணும், எது தண்டம்?

சத்திரம்_டு_முனை (கேள்வி)

அண்ணன்மாருக்கு வணக்கம். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், உச்சிப்புளி ஆளுங்க எட்டுப் பேர் சேர்ந்து பயிற்சி எடுக்குறோம். ஜனவரியில சென்னையில முழு மாரத்தான், 42.2 கி.மீ. ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் முகுந்தராயர் சத்திரத்துல கிளம்பி அரிச்சல்முனை போய்த் திரும்புவோம். போக 9.5, வர 9.5. அந்த ரோடு தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கூட்டத்துல ஒரு பையன் மட்டும் ஓடுறதில்ல, தலைமன்னார் - தனுஷ்கோடி நீச்சலுக்குத் தயாராகுறான்.

14, 15 கி.மீ தாண்டினதும் மூணு பேருக்குக் கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது. சாயங்காலம் தலைவலி. மறுநாள் உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி கிடக்கு. ஒரு தங்கச்சிக்கு ரெண்டு மாசமா வேகமே வரல, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது.

ராமநாதபுரத்துல ஒரு சப்ளிமெண்ட் கடையில கேட்டோம். வே புரோட்டீன் (பால்ல இருந்து எடுக்கிற புரதத்தூள்), பி.சி.ஏ.ஏ, குளுட்டமின் (ரெண்டும் அமினோ அமிலத் தூள்), ப்ரீ-ஒர்க்அவுட் (பயிற்சிக்கு முன்னாடி குடிக்கிற ஊக்கத்தூள்), மல்டிவைட்டமின், மெக்னீசியம், எலக்ட்ரோலைட் (உப்புச்சத்து) மாத்திரைன்னு எழுதிக் கொடுத்துட்டார். ஆளுக்கு மாசம் ஏழாயிரத்துக்கு மேல வருது. கூட்டத்துல பாதிப் பேர் ஆட்டோ ஓட்டுறவங்க, மீன் கம்பெனியில வேலை பார்க்கிறவங்க. இதுல எதை வாங்கலாம், எதை விடலாம்? விவரமா சொன்னா நல்லாருக்கும்.

வாடைக்காத்து

தம்பி, பட்டியலை ஓரமா வைங்க. முதல்ல ஒரு எடை மிஷின் வாங்குங்க. 100 கிராம் வரைக்கும் காட்டுற டிஜிட்டல் மிஷின் போதும், எட்டுப் பேருக்கும் ஒண்ணு.

ஓடுறதுக்கு முன்னாடி ஒண்ணுக்குப் போயிட்டு, குறைஞ்ச துணியோட எடை பாருங்க. ஓடி முடிச்சு, வேர்வையைத் துடைச்சுட்டு, அதே மாதிரி மறுபடி பாருங்க. நடுவுல எவ்வளவு குடிச்சீங்கன்னு பாட்டில் கணக்கு வேணும். உதாரணத்துக்கு 62.0 கிலோ ஆள் 60.6 ஆகி வர்றார், வழியில அரை லிட்டர் குடிச்சிருக்கார்னு வைங்க. எடையில போனது 1.4, குடிச்சது 0.5, ஆக 1.9 லிட்டர் வேர்வை. ரெண்டு மணி நேரம்னா மணிக்கு 950 மில்லி. இந்த ஒரு நம்பர் தெரியாம எலக்ட்ரோலைட் வாங்குறது கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்குறது மாதிரிதான்.

ஆளாளுக்கு இது ரொம்ப மாறும். மணிக்கு அரை லிட்டர் வேர்க்கிறவரும் உண்டு, ரெண்டு லிட்டர் போறவரும் உண்டு. லிட்டர் வேர்வையில போற சோடியமும் ஒருத்தருக்கு 500 மி.கி, இன்னொருத்தருக்கு 1,500க்கு மேல. கறுப்பு பனியன்ல வெள்ளை வெள்ளையா உப்புக் கோடு விழுதா, கண்ணுல வேர்வை இறங்கினா எரியுதா, அவர் உப்பு அதிகம் விடுற ஆள்.

நம்ம கரையில ஒரு ஏமாத்து வேலை உண்டு. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல வேர்வை சுரக்கச் சுரக்கக் காஞ்சு போயிடும், உடம்புல ஈரமே தெரியாது. ‘இன்னிக்கு வேர்க்கவே இல்ல’ன்னு நினைச்சுத் தண்ணியைத் தொட மாட்டாங்க. எடை மிஷின்ல ஏறினா ஒன்றரை கிலோ காணோம். அதுக்கு நேர்மாறா, காத்து அடங்கிப் புழுங்குற ஐப்பசி மாசத்துல வேர்வை சொட்டுச் சொட்டா கீழே விழும். சொட்டுற வேர்வை உடம்பைக் குளிர வைக்காது, ஆவியானாத்தான் குளிரும். அந்த மாதிரி நாள்ல எவ்வளவு குடிச்சாலும் சூடு இறங்காது. வேகத்தைக் குறைச்சு, தலையிலயும் கழுத்துலயும் தண்ணி ஊத்திக்கறதுதான் வழி.

குடிக்கிறதுக்கு, கீழ சொல்ற கலவையை முதல்ல பாருங்க. ஒரு லிட்டருக்கு:

கருப்பட்டி 60 கிராம் (சர்க்கரைச் சத்து ஏறக்குறைய 50 கிராம்)
தூள் உப்பு 1.5 கிராம் (சோடியம் சுமார் 590 மி.கி)
எலுமிச்சை அரை மூடி

கருப்பட்டியை வெந்நீர்ல கரைச்சு, ஆறினதும் துணியில வடிகட்டுங்க. மண்ணும் நாரும் பாட்டில் மூடியில அடைச்சுக்கும். உப்பை ஸ்பூன்ல அளக்குறவங்க கவனிங்க: 1.5 கிராம்ங்கறது தூள் உப்புல டீஸ்பூனுக்குக் கால், அதுவும் மட்டமா தட்டினது. வாலிநோக்கம் கல் உப்பைப் போட்டா அதே கால் ஸ்பூன்ல எடை மாறிடும், அதனால பொடிச்சு எடை போட்டுக்கங்க. உப்பு அதிகம் விடுற ஆள் 2.5 கிராம் வரைக்கும் போகலாம். அதுக்கு மேல வாயில நிக்காது.

சாயல்குடிப் பக்கம் கருப்பட்டியில சீனி கலக்குறாங்கன்னு புலம்பல் உண்டு. ஓட்டக்காரனுக்கு அதனால நட்டமில்ல, ரெண்டுலயும் இருக்கிறது முக்கால்வாசிக்கு மேல சுக்ரோஸ்தான். நட்டம் காசுக்கு. வெறும் வெள்ளைச் சீனி 50 கிராம் போட்டாலும் வேலை நடக்கும்.

இதை மணிக்கு 600, 700 மில்லி, கால் மணிக்கு ஒரு தடவையா பிரிச்சுக் குடிங்க. 19 கி.மீக்கு இது போதும். முழு மாரத்தானுக்குப் போதாது. ரெண்டரை மணி நேரம் தாண்டுற ஓட்டத்துக்கு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து (சர்க்கரையும் இதுல சேர்த்திதான்) இலக்கு வைக்கணும். கலவையில 32 வரும், மீதி 28ஐ சின்னப் பேரீச்சம்பழம் அஞ்சோ, எனர்ஜி ஜெல் (பாக்கெட்ல வர்ற இனிப்புக் கூழ்) ஒண்ணோ கொடுக்கும். குளுக்கோஸை மட்டும் கொடுத்தா குடல் மணிக்கு 60 கிராம் கிட்டத்தான் உறிஞ்சும், மிச்சம் வயித்துல நின்னு கலக்கும். ஃபிரக்டோஸுக்கு வேற வாசல். ரெண்டும் கலந்தா 90 வரைக்கும் போகலாம். சுக்ரோஸ் உடைஞ்சா ரெண்டும் பாதிப் பாதி வரும், அதனாலதான் கருப்பட்டியையும் சீனியையும் சொல்றேன்.

ஆனா முதல் வாரமே 60க்குத் தாவாதீங்க. 30ல ஆரம்பிச்சு, நீள ஓட்டத்துல மட்டும், அஞ்சாறு வாரத்துல ஏத்துங்க. குடலுக்கும் பயிற்சி வேணும். பந்தயத்தன்னைக்கு புது ஜெல் பிரிச்சவங்க பாதிப் பேரை 30வது கி.மீயில கழிப்பறை வரிசையிலதான் பார்க்கலாம். ஜெல் எடுத்தா கூடவே 150, 200 மில்லி வெறும் தண்ணி, கலவை இல்ல. ரெண்டு இனிப்பும் சேர்ந்தா கெட்டியாகி வயித்துல தங்கிடும்.

பதநீர் கேட்பீங்க. நல்ல பானம், ஆனா சர்க்கரை 10 சதவீதத்துக்கு மேல இருக்கும், ஓடிக்கிட்டே குடிக்கக் கெட்டி. பாதிக்குப் பாதி தண்ணி சேர்த்து ஒரு சிட்டிகை உப்புப் போடுங்க. ஓடி முடிச்சப்புறம்னா அப்படியே குடிக்கலாம். இளநீர்ல பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி. வேர்வையில போறது பெரும்பாலும் சோடியம். இளநீரை மட்டும் நம்பினா கணக்கு தலைகீழாயிடும்.

சாயங்காலத் தலைவலிக்கு ரெண்டு காரணம் இருக்கலாம், ரெண்டுக்கும் வைத்தியம் எதிரெதிர். எடை 2 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருந்தா தண்ணி பத்தல. ஓடினதுக்கப்புறம் எடை கூடியிருந்தா வெறும் தண்ணி அளவுக்கு மீறிப் போயிருக்கு, ரத்தத்துல சோடியம் இறங்கியிருக்கு. விரல் வீங்கி மோதிரம் இறுகுறது, வாந்தி, பேச்சுக் குழறல் தெரிஞ்சா அது ஆபத்து. இன்னும் தண்ணி கொடுக்காம நேரா ஆஸ்பத்திரி.

பனைக்குளம்_சைக்கிள்

அண்ணன் சொன்னதோட கெண்டைக்கால் பிடிப்புக்கு ஒரு திருத்தம். அது முழுக்க உப்பு விவகாரம் இல்ல. களைச்சுப் போன தசைக்கும் நரம்புக்கும் நடுவுல வர்ற கோளாறுங்கறதுக்குத்தான் இப்ப ஆதாரம் அதிகம். ஒரு கால்ல மட்டும், அதுவும் ஒரே இடத்துல பிடிக்குதுன்னா, ரத்தத்துல உப்புக் குறைஞ்சதா இருந்தா ரெண்டு கால்லயும் கையிலயும் இல்ல பிடிக்கணும்? பயிற்சியில ஓடின வேகத்தை மீறி ஓடுறப்பதான் பெரும்பாலும் வரும். 14 கி.மீல மூணு பேருக்கு வருதுன்னா, முதல் பாதியை வேகமா எடுத்துட்டாங்களான்னு வாட்சைப் பாருங்க. பிடிச்ச உடனே நின்னு, பாதத்தை மேல்நோக்கி இழுத்து அரை நிமிஷம் பிடிங்க, விடும். மெக்னீசியம் மாத்திரை ஓட்டத்துல வர்ற பிடிப்பைத் தடுக்கும்னு சொல்ல ஆதாரம் தேறல, நிறையச் சாப்பிட்டா வயித்தாலதான் போகும்.

வெளிநாட்டுல ஊறுகாய்த் தண்ணி குடிச்சுப் பிடிப்பை விடுவிக்கிறதைப் படிச்சிருப்பீங்க. அது வினிகர்ல போட்ட வெள்ளரிக்காய்த் தண்ணி. தொண்டையில புளிப்பு பட்டதும் நரம்பு வழியா வேலை செய்யுது, உப்பு ரத்தத்துல சேர்றதுக்கு முன்னாடியே பிடிப்பு விட்டுடும். நம்ம எண்ணெய் மாங்காய் ஊறுகாயை முழுங்கிட்டு அந்தப் பலனை எதிர்பார்க்காதீங்க.

இப்ப டப்பாக்களுக்கு வர்றேன்.

பி.சி.ஏ.ஏ, குளுட்டமின் ரெண்டையும் பட்டியல்ல இருந்து அடிச்சுடுங்க. புரதம் போதுமான அளவு சாப்பிடுற ஆளுக்கு இதுல கூடுதலா ஒண்ணும் கிடைக்காது. தசை கட்ட ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலமும் வேணும், பி.சி.ஏ.ஏ டப்பாவுல இருக்கிறது மூணே மூணு.

வே புரோட்டீன் தப்பில்ல, அவசியமும் இல்ல. நீள ஓட்டக்காரருக்கு நாளைக்கு கிலோவுக்கு 1.4ல இருந்து 1.6 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு 84 முதல் 96. ஒரே வேளையில கொட்டாம, நாலு வேளைக்கு 20, 25 கிராமா பிரிச்சா தசைக்கு நல்லது. 100 கிராம் மீன் சதையில கிட்டத்தட்ட 20 கிராம். முட்டைக்கு 6. கால் லிட்டர் பாலுக்கு 8. வெந்த கொண்டைக்கடலை 100 கிராமுக்கு 8, 9. சூடை மீன் மலிவா கிடைக்கிற ஊர்ல உட்கார்ந்துகிட்டு டப்பாவுக்கு ஏன் கவலைப்படணும்? காலையில ஓடிட்டு நேரா வேலைக்கு ஓடுறவர், சைவக்காரர், இவங்களுக்கு மட்டும் ஒரு ஸ்கூப் வசதி. அவ்வளவுதான்.

வாங்குறதா இருந்தா லேபிள்ல அமினோ பட்டியல் பாருங்க. 24 கிராம் புரதம்னு போட்டா லூசின்ங்கற அமினோ அமிலம் 2.5 கிராம் கிட்ட இருக்கணும். பட்டியலே இல்லாட்டியோ, உள்பொருள் வரிசையில கிளைசின், டாரின், கிரியாட்டின் ஒளிஞ்சிருந்தாலோ வைச்சுட்டு வந்துடுங்க. புரதத்தை நைட்ரஜன் அளவை வச்சுக் கணக்குப் போடுறாங்க, மலிவான இந்தப் பொருளுங்க நைட்ரஜனை ஏத்திக் காட்டிடும்.

‘மறுநாள் அடிச்சுப் போட்ட மாதிரி’ங்கறதுக்குப் பெரும்பாலும் புரதத்தை விட மாவுச்சத்துக் குறைவுதான் காரணம். ஓடிட்டு வந்து டீயும் ரெண்டு வடையும் தின்னுட்டுப் படுத்தா அப்படித்தான் இருக்கும். எட்டு மணி நேரத்துக்குள்ள அடுத்த பயிற்சி இருந்தா முதல் நாலு மணி நேரம், மணிக்குக் கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்து வேணும். மறுநாள்தான் ஓட்டம்னா அவ்வளவு அவசரமில்ல, நாள் முழுக்கச் சாப்பாடு முழுசா இருந்தா போதும். பழைய சோறு, மோர், உப்பு, கூட ரெண்டு முட்டை இல்லாட்டி மீன் குழம்பு. தண்ணி, உப்பு, மாவு, புரதம் எல்லாம் அதுலயே வந்துருது. தண்ணிக் கணக்கு: எடையில குறைஞ்சது ஒரு கிலோன்னா ஒன்றேகால்ல இருந்து ஒன்றரை லிட்டர், அடுத்த சில மணி நேரத்துல பிரிச்சு. ஒரே மூச்சுல குடிச்சா ஒண்ணுக்காத்தான் போகும்.

மருந்துக்கடை_கீழக்கரை

அந்தத் தங்கச்சி விஷயம்தான் இந்தக் கேள்வியிலேயே முக்கியமானது. அவங்களுக்கு எந்த டப்பாவும் வாங்காதீங்க. ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இருப்பு இருக்கிற இரும்போட கணக்கு), தைராய்டு. ஃபெரிட்டின் தனியா கேட்டு எழுதி வாங்கணும், சாதாரணப் பட்டியல்ல அது வராது. ஹீமோகுளோபின் சரியா இருந்தும் ஃபெரிட்டின் 30க்குக் கீழே கிடக்கிற ஓட்டக்காரப் பெண்கள் நிறைய. நீள ஓட்டத்துக்கு மறுநாளோ, காய்ச்சல் நேரத்துலயோ டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்காதீங்க. உடம்புல அழற்சி இருந்தா ஃபெரிட்டின் பொய்யா ஏறிக் காட்டும். ரெண்டு நாள் ஓய்வெடுத்துட்டுக் கொடுங்க. மாதவிடாய் அதிகமா, தள்ளிப் போகுதா, நின்னே போச்சாங்கறதையும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லச் சொல்லுங்க. சாப்பாடு பத்தாம ஓடுற பெண்களுக்கு அதுதான் முதல் எச்சரிக்கை மணி.

குறைவுன்னு தெரிஞ்சா இரும்பு மாத்திரையோட அளவை டாக்டர் சொல்லட்டும், நேரத்தை நான் சொல்றேன். உடற்பயிற்சிக்கு 3ல இருந்து 6 மணி நேரம் கழிச்சு ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன் ஏறும், அது குடல்ல இரும்பு ஏறுற கதவை மூடிடும். அதனால காலை ஓட்டத்துக்கு முன்னாடியோ, முடிச்ச அரை மணி நேரத்துக்குள்ளயோ எடுக்கணும். கூட எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளி. மாத்திரை எடுத்த அன்னைக்கும் ஹெப்சிடின் ஏறும்கறதால ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கிற முறையும் இருக்கு, வயித்துத் தொந்தரவும் அதுல கம்மி. மாத்திரைப் பட்டையில ‘எலிமெண்டல் அயர்ன்’ எவ்வளவுன்னு பாருங்க, உப்பின் மொத்த எடை வேற, அதுல இருக்கிற இரும்பு வேற. மலம் கறுப்பா போறது சகஜம். ரெண்டு மூணு மாசத்துல மறுபரிசோதனை. மத்த ஏழு பேரும் ‘நமக்கும் தெம்பு வரட்டும்’னு பங்கு போட்டுச் சாப்பிட வேணாம். உடம்புல கூடுதலா சேர்ற இரும்பை வெளியேத்த வழி கிடையாது, ஈரலைக் கெடுக்கும்.

வைட்டமின் டியும் இதே கதை. ‘தனுஷ்கோடி வெயில்ல ஓடுறோம், எங்களுக்கு எதுக்கு’ன்னு கேட்பீங்க. விடிகாலைச் சாய்வெயில்ல வைட்டமின் டி உண்டாக்கிற கதிர் ரொம்பக் கம்மி. 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி டெஸ்ட் எடுத்துக் குறைஞ்சிருந்தா மட்டும். 60,000 யூனிட் பொட்டலம் வாரத்துக்கு ஒண்ணு, அதையும் டாக்டர் சொல்ற வாரம் வரைக்கும். வாரத்துக்கானதை தினமும் கரைச்சுக் குடிக்கிறவங்க கடைக்கு வர்றாங்க. கால்சியம் ஏறி வாந்தி, கிட்னி தொந்தரவுன்னு போய் நிக்கும்.

மல்டிவைட்டமின் சாப்பாட்டுக் குறைக்கு ஓட்டை அடைக்கும், வேகம் கூட்டாது. ‘சீக்கிரம் தேறணும்’னு வைட்டமின் சி 1,000 மி.கியும் வைட்டமின் இ-யும் தினம் போடுறது இன்னும் மோசம். 2009ல வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வுல, இந்த ரெண்டையும் எடுத்தவங்களுக்கு உடற்பயிற்சியால வர வேண்டிய நல்ல மாற்றங்கள் மழுங்கிப் போனது தெரிஞ்சது. பயிற்சியில உண்டாகிற அந்தச் சின்ன உரசல்தான் தசைக்கு ‘வலுப்படு’ன்னு சொல்ற சேதி. அதை மாத்திரை போட்டு அமுக்குறோம்.

ஓ.ஆர்.எஸ்: உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் 75 மில்லிமோல், அதாவது 1,700 மி.கிக்குக் கொஞ்சம் மேல. உப்பு நிறைய, எரிபொருள் கம்மி. ஓடி முடிச்சு எடை ரொம்ப இறங்கியிருந்தா நல்லது, ஓடுறப்ப சக்திக்கு இது பத்தாது. பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரியதைப் பாதி கொட்டி அரை லிட்டர் பாட்டில்ல கலக்காதீங்க, பொட்டலத்துக்குள்ள உப்பு ஒரு பக்கம் சேர்ந்திருக்கும். டெட்ரா பேக்குல வர்ற இனிப்புத் தண்ணிக்கு ஓ.ஆர்.எஸ்னு பேர் வைக்கக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உத்தரவு போட்டுச்சு. பழைய பழக்கத்துல அதைக் கேட்டு வாங்குறவங்க பின்பக்கம் சோடியம் எவ்வளவுன்னு படிங்க.

நீள ஓட்டத்துக்கு முன்னாடி வலி வராம இருக்க ஐபுப்ரோஃபென் போடுற பழக்கம் இருந்தா இன்னிக்கே விடுங்க. உடம்பு வறண்டு கிடக்கிற நேரத்துல அது கிட்னிக்குப் போற ரத்தத்தைக் குறைக்கும்.

கடைசியா ஊக்கமருந்து. ப்ரீ-ஒர்க்அவுட் டப்பாவைத் தொடாதீங்கன்னு சொல்றதுக்கு முதல் காரணம் இதுதான். டி.எம்.ஏ.ஏ மாதிரி தடை செஞ்ச பொருள் லேபிள்ல வராமலே உள்ள இருந்து, வீரர்கள் மாட்டியிருக்காங்க. ‘கடைக்காரர் கொடுத்தார், எனக்குத் தெரியாது’ன்னா விடுதலை கிடையாது. உடம்புக்குள்ள என்ன இருந்தாலும் பொறுப்பு வீரனோடது. கலப்படம்னு நிரூபிச்சா தண்டனை குறையும், ஆனா நிரூபிக்கிறது உங்க வேலை. ஜெயிக்கிற வேகம் இருக்கிற ஆள் யாராவது உங்க கூட்டத்துல இருந்தா, தடைப் பொருள் இருக்கான்னு சோதிச்சுக் கொடுக்கிற ‘இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்’ முத்திரையும், டப்பாவுல இருக்கிற பேட்ச் நம்பர் அவங்க தளத்துல இருக்கான்னும் பார்த்துட்டு வாங்கணும். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் இருக்கிறது உணவு உரிமம் மட்டும்தான், ஊக்கமருந்து சோதனைக்குச் சான்று இல்ல. லேகியம், பஸ்பம் வகைக்கும் இதே எச்சரிக்கை.

நம்ம ஊர்ல யாரும் யோசிக்காதது இன்னொண்ணு: பந்தயம் முடிஞ்சு சோர்வா இருக்குன்னு கிளினிக்ல போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கறது. 12 மணி நேரத்துல 100 மில்லிக்கு மேல டிரிப் ஏத்துறது, முறையான ஆஸ்பத்திரி சிகிச்சையில்லாத பட்சத்துல, ‘வாடா’ (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) விதிப்படி தடை. பாட்டில்ல இருக்கிறது வெறும் சலைனா இருந்தாலும் தடைதான்.

மண்டபம்_நீச்சல்

நீச்சல் தம்பிக்கு மேல சொன்ன உப்புக் கணக்கு பொருந்தாது. அவன் கூடுதலா உப்பே போட வேணாம்.

கோடையில நம்ம கடல் தண்ணி லிட்டருக்குக் கிட்டத்தட்ட 35 கிராம் உப்பு. மூச்சு எடுக்கிறப்ப தவறி ஒரு மடக்கு, 20 மில்லி, உள்ள போனா 200 மி.கிக்கு மேல சோடியம். பத்து மடக்கு போனா ஓட்டக்காரன் மூணரை லிட்டர் கருப்பட்டித் தண்ணியில குடிக்கிற உப்பு வந்துருச்சு. அதோட மெக்னீசியமும் சல்பேட்டும் சேர்ந்து வயித்தைக் கலக்கும். அவனுக்குத் தேவை உப்பில்லாத தண்ணியும் மாவுச்சத்தும்.

1966ல மிஹிர் சென் நீந்தின, 1994ல குற்றாலீஸ்வரன் சின்னப் பையனா நீந்தின அதே பாக் நீரிணை, கிட்டத்தட்ட 30 கி.மீ. பத்து மணி நேரக் கணக்குல யோசிங்க. அரை மணிக்கு ஒரு தடவை, 300 மில்லியில 30 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின் (ஸ்டார்ச்சுல இருந்து செய்யுற மாவுச்சத்துத் தூள்). இனிப்பு கம்மிங்கறதால மணிக்கணக்கா குடிச்சாலும் திகட்டாது. மூணு தடவைக்கு ஒரு தடவை கொஞ்சம் சீனி கலந்து கொடுங்க. படகைத் தொடக்கூடாது, அதனால மூடி கட்டின பாட்டிலைக் கயித்துல வீசணும். ஒரு ஊட்டலுக்கு ஒரு நிமிஷத்துக்குள்ள முடியணும், இல்லாட்டி நீரோட்டம் இழுத்துட்டுப் போயிடும். இந்த வீச்சை மண்டபம் கரையோரமா ராத்திரி நீச்சல்ல பழகிப் பாருங்க. படகுக்காரருக்கும் பழகணும், நீந்துறவனுக்கு மட்டும் இல்ல.

உப்புத் தண்ணி அஞ்சாறு மணி நேரம் பட்டா நாக்கும் தொண்டையும் புண்ணாகி வீங்கிடும், எதுவும் இறங்காது. ஒவ்வொரு ஊட்டலுக்கும் முன்னாடி நல்ல தண்ணியில வாய் கொப்பளிக்கச் சொல்லுங்க. நடுவுல பப்பாளித் துண்டு கொடுத்தா நாக்குக்குச் சுகம். வாந்தி வந்தா ஊட்டலை நிறுத்தாதீங்க. கால் மணி நேரம் விட்டு, பாதி அளவு, பாதி கெட்டியில மறுபடி ஆரம்பிங்க.

ஒரு கூடுதல் தகவல். ‘ஹைட்ரோஜெல்’னு விலை கூட்டி விக்கிற ஜெல்லுல இருக்கிறது ஆல்ஜினேட், பழுப்புப் பாசியில இருந்து எடுக்கிறது. இங்க கரையில கட்டக்கோரைன்னு அள்ளுறோமே, அதுலயும் அதே சரக்குதான். சாதாரண ஜெல்லை விட அது வேகம் கூட்டும்னு ஆய்வுகள்ல தெளிவா நிரூபணம் ஆகல. வயித்துக்கு ஒத்துக்கிட்டா வாங்கலாம், மத்தபடி அந்தக் காசுக்குச் சூடை மீன்.

சத்திரம்_டு_முனை

அண்ணே, எல்லாருக்கும் நன்றி. தங்கச்சியை நாளைக்கே டெஸ்டுக்கு அனுப்புறோம். இன்னும் ரெண்டு. ஒண்ணு, காபி, பீட்ரூட் எல்லாம் உண்மையிலேயே உதவுமா? ரெண்டு, கூட்டத்துல மூணு பேர் நோன்பு வைக்கிறவங்க. ஜனவரி முடிஞ்சும் ஓட்டத்தை விடுறதா இல்ல, நோன்பு மாசத்துல என்ன பண்றது?

மருந்துக்கடை_கீழக்கரை

காபி உதவும். பட்டியல்ல எழுதாம விட்டதுல நிஜமா வேலை செய்யுற பொருள் அதுதான். கிலோவுக்கு 3 மி.கி கஃபீன், 60 கிலோ ஆளுக்கு 180 மி.கி, ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. 6 மி.கிக்கு மேல போனா பலன் கூடாது, படபடப்பும் வயித்துக் கலக்கமும்தான் கூடும். தடைப் பட்டியல்ல இருந்து 2004லயே எடுத்துட்டாங்க. சுத்தமான இன்ஸ்டன்ட் காபித்தூள் 2 கிராம்ல சுமார் 60 மி.கி இருக்கும். சிக்கரி கலந்த தூள்ல அந்தப் பங்குக்குக் கஃபீன் கிடையாது, அதனால ஃபில்டர் காபியை வச்சு அளவு சொல்ல முடியாது. தூக்கம் கெடுற ஆளுங்க சாயங்கால ஓட்டத்துக்கு எடுக்காதீங்க, அஞ்சு மணி நேரம் கழிச்சும் பாதி ரத்தத்துல நிக்கும். தூக்கம் போனா தேறுறதும் போச்சு. ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம வேணாம்.

பீட்ரூட் வேலை செய்யுறது அதுல இருக்கிற நைட்ரேட்டால. 400 மி.கி கிட்ட வேணும், ரெண்டரை மணி நேரம் முன்னாடி. கடைக் காய்ல நைட்ரேட் ஏத்த இறக்கமா இருக்கும், அரை லிட்டர் சாறு குடிச்சாத்தான் அந்த அளவை எதிர்பார்க்கலாம். நல்லா பயிற்சி பெற்றவங்களுக்குப் பலன் சொற்பம், புதுசா ஓடுறவங்களுக்குக் கொஞ்சம் தெரியும். நைட்ரேட்டை மாத்துறது நாக்குல இருக்கிற பாக்டீரியா, அதனால அன்னைக்கு மவுத்வாஷ் போட்டா சாறு வீண். ஒண்ணுக்கு சிவப்பா போனா பயப்படாதீங்க. சிறுநீரகக் கல் வந்தவங்களுக்கு வேணாம், ஆக்சலேட் அதிகம்.

நோன்புக்கு: கடினமான ஓட்டம் இஃப்தாருக்கு (நோன்பு திறக்கிறது) அப்புறம், தராவீஹ் (ராத்திரித் தொழுகை) முடிச்சு. லேசான ஓட்டம்னா இஃப்தாருக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி ஆரம்பிச்சா முடிக்கிறப்ப பாங்கு சொல்லிடும். நீள ஓட்டத்தைப் பகல்ல வைக்கவே வேணாம், 10 கி.மீக்கு மேல ராத்திரிதான். நோன்பு திறக்கிறப்ப பேரீச்சை மூணு, தண்ணி, நோன்புக் கஞ்சி. கஞ்சியில தண்ணியும் உப்பும் மாவும் சேர்ந்தே வருது. கறி போட்ட கஞ்சின்னா புரதமும் வரும். சமோசா, வடையை அதுக்கு முன்னாடி ஏத்தினா தண்ணி குடிக்க வயித்துல இடம் இருக்காது. இஃப்தாருக்கும் சஹருக்கும் (விடியறதுக்கு முன்னாடி சாப்பிடுறது) நடுவுல மணிக்கு ஒரு டம்ளர்னு பிரிச்சுக் குடிங்க, சஹர்ல மட்டும் ஒரு லிட்டர் கொட்டினா ஃபஜ்ர் தொழுதுட்டு வர்றதுக்குள்ள வெளியே போயிடும். காபியை ரமலானுக்கு ஒரு வாரம் முன்னாடி இருந்தே குறைங்க, முதல் நாள் தலைவலிக்குப் பாதி காரணம் அதுதான். இரும்பு மாத்திரை எடுக்கிறவங்க சஹருக்கு எழுந்ததும் வெறும் வயித்துல போட்டுட்டு, அரை மணி நேரம் கழிச்சுச் சாப்பிடட்டும், டீ இல்லாம.

சத்திரம்_டு_முனை

கருப்பட்டித் தண்ணியை முந்தின ராத்திரியே கரைச்சு வைக்கலாமா? ஞாயித்துக்கிழமை காலையில யாருக்கும் நேரமில்ல.

வாடைக்காத்து

வைக்கலாம், ஃபிரிட்ஜ்ல. எலுமிச்சையைக் காலையில பிழிங்க, ராத்திரியே பிழிஞ்சா கசக்கும். அரிச்சல்முனையில வண்டியில வச்சிருக்கிற பாட்டிலை ஈரச் சாக்குல சுத்தி நிழல் பக்கமா வைங்க. வெயில்ல நாலஞ்சு மணி நேரம் கிடந்தா புளிக்க ஆரம்பிச்சுடும், மூடியைத் திறக்கிறப்ப ‘புஸ்’னு காத்து வந்தா கொட்டிடுங்க. பாட்டிலை அன்னைக்கே வெந்நீர்ல கழுவணும், மூடியில இருக்கிற ரப்பர் வளையத்தைக் கழட்டி. அந்த இடுக்குலதான் பூசணம் பிடிக்கும்.